காய்ப்பையில் ரோமாபுரிக் கத்தி

ஜாமீனில் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன வருஷத் திருவிழாத் தகராறில் ராசிங்காபுரத்து மகாராஜன் என்கிறவன் கையில் என் தச்சு உளி பட்டுவிட்டது. பட்டதுதான், நான் குத்தவில்லை. கோர்ட்டிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு வருகிறவரை சின்ன வம்பு என்றாலும் மறுபடி உள்ளே போகவேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கத்தி வேலை வந்தது. மலைக்கு மேலே, கேரளப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் செழியன் சார், பிள்ளைகள் போடும் நாடகத்துக்கு மரத்தில் குத்துவாள் கேட்டார். மிளகு வாங்கக் கப்பலேறி வந்த ரோமாபுரிக்காரர்கள் கதையாம். அந்த ஊர்ச் சிப்பாய் வாள் போதாதென்று இடுப்பில் இதையும் செருகியிருப்பானாம். போனில் படம் அனுப்பினார். அலகு நடுவில் சிறுத்து, கீழே அகன்று, நுனி கூர்ந்து இருந்தது. பிடியின் மத்தியில் ஒரு குமிழ். எட்டு செய்து சில்வர் பெயிண்டும் அடித்தேன். காய்ந்ததும் பார்த்து நானே அசந்துபோனேன்.

என் மனைவி பாண்டீஸ்வரி தினமும் ஏலக்காய் எடுக்க மலையேறும் ஜீப்பிலேயே நானும் கத்திப் பெட்டியோடு ஏறிக்கொண்டேன். மலையடிவாரத்து முந்தலில் டீக்கு நிறுத்தினார்கள். என் கெட்ட நேரம், கடை பெஞ்சில் மகாராஜன்.

"என்னப்பு, இன்னும் வெளியதான் திரியிறியா?" என்றான், கைத்தழும்பைத் தடவிக்கொண்டே.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி இருந்த ஜீப்பைப் பார்த்து நடந்தேன். பாண்டீஸ்வரி குறுக்கே வந்து நின்றாள்.

"என்னய்யா வேணும்?"

"பீடி."

"நான் கொண்டாறேன். நீ போய் மூஞ்சியக் கழுவு."

கழுவிவிட்டு வந்தபோது எல்லாரும் ஏறியிருந்தார்கள். வளைவுக்கு வளைவு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களாக மனதில் வந்துகொண்டே இருந்தன.

போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் கேரள அதிகாரி ஒருவர் பெட்டியைத் தட்டினார். "இதில் எந்தா?"

மறைக்க என்ன இருக்கிறது? "மரக்கத்தி சார், நாடகத்துக்கு" என்று பெருமையாகத் திறந்தேன். பெட்டி காலி.

"கத்தி எவிடே?"

கத்தி இருக்கிறது என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன், இப்போது கத்தியைக் காணோம். ஜாமீன் போச்சு என்றே நினைத்தேன். ஜீப்பிலிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் காளீஸ்வரி, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையை ஒதுக்கி, இடுப்பில் கட்டியிருந்த காய் எடுக்கிற பைக்குள் கையை விட்டு ஒரு குத்துவாளை உருவினாள். அப்புறம் அன்னக்கொடி. அப்புறம் வரிசையாக எல்லாரும். கடைசியாக என் பெண்டாட்டி. ரோமாபுரிப் படையே எங்கள் ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி ஒன்றை வாங்கி நகத்தால் சுரண்டினார். பெயிண்டு உரிந்து மரம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பு கிளம்பியதும் பாண்டீஸ்வரி மேல் பாய்ந்தேன்.

"கூறு இருக்கா உனக்கு? பெட்டியில இருந்தா அது சாமான். பையில ஒளிச்சா ஆயுதம்னுதான நெனப்பாங்க? போலீசுக்குப் பயந்து என்னையே மாட்டிவிடப் பாத்தியே."

"போலீசுக்குப் பயந்து யாரு ஒளிச்சா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "முந்தல்ல நீ ஜீப்பப் பாத்து வந்தியே, அந்த மூஞ்சிக்குப் பயந்து ஒளிச்சேன்."

"அது மரம்டி."

"எனக்குத் தெரியும்யா. அந்த நேரத்துல உனக்குத் தெரிஞ்சுச்சா?"

பெண்கள் எல்லாரும் வெளியே பார்த்தார்கள். முந்தலில் நான் பெட்டியைத் திறக்கத்தான் நடந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் கையைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, இறங்குகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.