காய்ந்தபின் போட்ட ரேகை

என் தங்கைக்கு ஆமை என்று பெயர் வைத்தது நான். எனக்குக் கடுகு என்று பெயர் வைத்தது ஊர். இரண்டும் அப்படியே பொருந்திப்போனதால் எங்கள் சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது எங்கள் தொழில். எழுத்து என்னுடையது. எழுத்துக்குப் பின்னால் சலவைக்கல் மாதிரி ஒன்று தெரியுமே, அந்த வண்ணம் அவளுடையது. வெறும் மரப்பலகைதான். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த வேலை இப்படி. வெள்ளை அடித்துக் காய்ந்த பலகைமேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றைத் தடவ வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே கல்லின் ரேகைகளைப் போட்டு, மெத்தென்ற அகலப் பிரஷால் நீவிவிட வேண்டும். அப்போதுதான் கோடு கல்லுக்குள்ளே போய்ப் படுக்கும். ஆமை ஒரு ரேகை போடுவதற்குள் நான் ஒரு கடையின் பெயரையே எழுதி முடித்துவிடுவேன். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

அதனால் ஒரு காரியம் செய்துவந்தேன். அவள் முடித்த பலகை காய்ந்ததும், மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்னால், அங்கே ஒரு கோடு இங்கே அரைக் கோடு என்று 'சரி செய்து' வைப்பேன். எங்கள் தொழிலில் ஒருத்தர் போட்ட ரேகையில் இன்னொருத்தர் கை வைக்கமாட்டார்கள். தங்கைதானே என்று நான் வைத்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"அக்கா, என் ரேகைய நீ தொடுறியா?"

"தொடுறதாலதான் பார்க்குற மாதிரி இருக்கு," என்றேன்.

அவள் பிரஷ்களைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் முதல் இரண்டு தெரு தள்ளியிருந்த கட்டில் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை. வரும் ஒன்றாம் தேதி, வேறு ஊரில் அவர்கள் திறக்கும் கிளைக்கு அவளை அனுப்புகிறார்களாம். என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். "போகட்டுமே, எனக்கென்ன," என்றேன். சொல்லிவிட்டு அன்று சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை.

கோபம் மூக்குக்கு மேல் இருந்ததே தவிர, அவள் இல்லாமல் கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. கல் வேலை கேட்டு வந்தவர்களை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கடை வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள் செய்துகொடுத்திருந்தோம். ஒரே கல்லைப் பிளந்து புத்தகம் போல விரித்து வைத்த மாதிரி, இடது பக்க ரேகையெல்லாம் வலது பக்கத்தில் திரும்பி நிற்கும். ரேகை எப்படி ஓட வேண்டும் என்று தாளில் வரைந்து பார்ப்பதற்கே ஆமை பதினோரு நாள் எடுத்தாள்.

"லாரிக்காரன் பின்னால எடுக்கிறேன்னு வலது பக்கத்தை நொறுக்கிட்டான்மா. பார்த்துப் போட இடது பக்கத்தைக் கழட்டிட்டு வந்திருக்கேன். திங்கட்கிழமைக்குள்ள வேணும்," என்றார்.

இவரிடமும் சாக்குச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "இதென்ன பெரிய விஷயம், வெச்சிட்டுப் போங்க," என்றேன்.

முதல் தடவை, கீறல் விட்ட சுவர் மாதிரி வந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். "நரம்பு சுருட்டிக்கிட்ட கால் மாதிரி இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு அதையும் துடைத்தேன். மூன்றாம் தடவையும் துடைத்த பிறகு, அவளுடைய பலகையை மேசைமேல் சாய்த்து வைத்து ஒவ்வொரு ரேகையாகப் பார்க்க உட்கார்ந்தேன். சேர்ந்து தொழில் செய்த எட்டு வருஷத்தில் அவள் வேலையை நான் அப்படி உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு ரேகை தடிமனாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் கரைந்திருந்தது. இன்னொன்று அதைத் தொடுகிற மாதிரி வந்து தொடாமல் விலகிப்போயிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. அப்போதுதான் கீழ் மூலையில் அந்த ஒன்று கண்ணில் பட்டது. துணிமேல் விழுந்த நூல் மாதிரி விறைப்பாகக் கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வீட்டுக்காரரை மறுபடி உள்ளே கூப்பிட்டேன்.

"பாருங்க, உங்க மச்சினி லட்சணத்தை. ஆகா ஓகோன்னீங்களே."

அவர் குனிந்து பார்த்தார். தடவியும் பார்த்தார். "இது மட்டும் மேல நிக்குதே. மத்ததெல்லாம் உள்ள இருக்கு," என்றார்.

நானும் தடவினேன். வார்னிஷுக்கு அடியில் அந்தக் கோடு மட்டும் மேடாக விரலில் தட்டியது. ஈரத்தில் போட்ட கோடு மேடு தட்டாது. காய்ந்தபின் போட்டால்தான் தட்டும். ஆமை காய்ந்த பலகையைத் தொடவே மாட்டாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அது நான் போட்ட கோடு. எங்கே போட்டேன் என்றுகூட நினைவில்லாமல் போட்ட கோடு.

கை துடைத்த துணியோடு அப்படியே கட்டில் பட்டறைக்குப் போனேன். ஆமை ஒரு கட்டில் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"கண்ணாடிக்கடைப் பலகையில, கீழ் மூலையில ஒரு கோடு இருக்கு. அது நான் போட்டது," என்றேன்.

"தெரியும்."

"அது மாதிரி நிறைய இருக்கா?"

"பதினேழு பலகை."

"எண்ணியா வெச்சிருக்கே?"

"எண்ணணும்னு எண்ணல. தெருவுல போறப்ப கண்ணுல படுதே, என்ன பண்ண."

தினமும் அந்தத் தெருக்கள் வழியாகத்தான் அவள் வேலைக்கு வந்து போகிறாள். "நான் செஞ்சது தப்பு. சொன்னது அதைவிடத் தப்பு. நீ இல்லாம என்னால முடியல, பலகைக்காக மட்டும் சொல்லல," என்றேன். இவ்வளவு மெதுவாக நான் பேசி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது, உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். பலகைக்காக மட்டும். ஒண்ணாம் தேதி நான் பஸ் ஏறணும்."

ஞாயிறு காலை வந்தாள். நான் பூச்சைத் தடவத் தடவ, பின்னாலேயே அவள் ரேகை போட்டு வந்தாள். பழைய பலகையை ஒரு பார்வை, புதியதில் ஒரு இழுப்பு. ஆமை வேகம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் கீழ் மூலையை மட்டும் விட்டுவிட்டு, பிரஷை என்னிடம் நீட்டினாள்.

"இது உன்னுது. எனக்கு வராது."

"குத்திக் காட்டுறியா?"

"இல்லக்கா. ஒரே கல்லுன்னா அங்க இருக்கிறது இங்கயும் இருக்கணும்ல. பார்த்துப் போடு, நல்லா வந்துடப் போகுது."

போட்டேன். நான் பயந்த மாதிரியே விறைப்பாகத்தான் வந்தது. ஆமை நீவுகிற பிரஷை எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு ரேகையாக நீவிக்கொண்டே வந்தாள். என்னுடையதற்குப் பக்கத்தில் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

"இதை நீவட்டுமாக்கா? நீ சொன்னாத்தான் தொடுவேன்."

எட்டு வருஷத்தில் நான் ஒரு தடவையாவது இவளிடம் இப்படிக் கேட்டிருக்கிறேனா? கண்ணில் நீர் முட்டியது. டர்பென்டைன் நெடி என்று சொல்லிக்கொண்டே புறங்கையால் துடைத்தேன்.

"நீவு," என்றேன்.

மூன்றே தடவை, தொட்டும் தொடாமலும் இழுத்தாள். நான் போட்ட கோடு கல்லுக்குள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"அந்தப் பக்கம் மாதிரி இல்லையே, கடைக்காரர் கேட்டா?"

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பார்க்கச் சொல்லு."

சிரித்து முடிக்க இரண்டு பேருக்கும் நேரமாயிற்று. அவள் பிரஷ்களை டர்பென்டைனில் அலசினாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை; கேட்கவும் பயமாக இருந்தது. வாசல்வரை போனவள், சுவரில் சாய்த்து வைத்திருந்த வெறும் பலகையைப் பார்த்து நின்றாள்.

"இது யாருக்கு?"

"பல் டாக்டருக்கு. பச்சைக் கல் கேட்டார். ஆள் இல்லன்னு சொல்லணும்."

"எப்ப வேணுமாம்?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதி."

பலகையை ஒரு கையால் தட்டிப் பார்த்தாள். "பச்சைக்கு அடியில கறுப்பு அடிக்கணும். நீ பாட்டுக்கு அவசரப்பட்டு வெள்ளைய அடிச்சு வெச்சிடாதே. அஞ்சாம் தேதி நானே அடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஒன்றாம் தேதிக்குப் பிறகுதான் ஐந்தாம் தேதி வரும் என்பதை, வாசலில் நின்று விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.