ஒட்டுத்தாளுக்கு அடியில்

நுகர்வோர் நீதிமன்றத்தில் எங்கள் மனுவுக்கு அன்று நான்காவது வாய்தா. ஆரஞ்சு மிட்டாயில் சேர்த்த சாயத்தால் மூச்சிரைத்து, என் மகளை இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சாயத்தை அரசு சென்ற ஆண்டே தடை செய்துவிட்டது. கம்பெனி இன்னும் சேர்க்கிறது என்பது என் புகார். வீட்டில் மிஞ்சிய நான்கு மிட்டாய் சோதனைக்குப் போதாது என்று ஆய்வகம் திருப்பிவிட்டது. கடையில் நானே புதிதாக வாங்கித் தருவதைக் கம்பெனி ஏற்க மறுத்தது. அன்று வேறு ஆதாரம் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மகளின் பள்ளிக்கூடத்து எதிர்க்கடையில் அந்த மிட்டாய்ப் பெட்டிகள் அடுக்கியபடியே இருக்கும்.

எனக்கு வக்கீல் இல்லை. மனைவி பக்கத்தில் நின்றாள்.

கம்பெனி வக்கீல் ஒரு புதுப் பெட்டியைத் தாக்கல் செய்தார். "சேர்மானப் பட்டியலைப் பாருங்க மேடம். அந்தச் சாயத்தோட பேரே இல்ல."

நீதிபதி அதை என்னிடம் கொடுக்கச் சொன்னார். படிப்பதற்கு முன் தடவிப் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்குகிறேன். ஒட்டிய இடம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"மேடம், இது அச்சடிச்சதில்ல, மேல ஒட்டினது. கவர் ஒட்டுற பசை. ஆவி காட்டினா வந்துடும்."

"சார், இது தபால் ஆபீஸ் இல்ல," என்றார் வக்கீல். பின்வரிசை சிரித்தது.

"தெரியும் சார். அங்க ஒட்டினதைப் பிரிச்சா என் வேலை போயிடும். அதான் இங்க அனுமதி கேக்கறேன்."

நீதிபதி சிரிக்கவில்லை. சூடாக ஒரு டீ வரவழைத்தார். கிளார்க் பெட்டியை டம்ளருக்கு மேல் பிடித்தார். சற்று நேரத்தில் தாள் சுருண்டு கழன்றது. அடியில் பழைய பட்டியல். மூன்றாம் வரியில் அந்தச் சாயம்.

பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பவும், முடிவு வரும்வரை விற்பனையை நிறுத்தவும் உத்தரவானது.

வராந்தாவில் வக்கீல் எங்களை மறித்தார். "பழைய அட்டை மிச்சமிருந்துச்சு, அதுல புதுச் சரக்கைப் போட்டுட்டாங்க. மனுவை வாபஸ் வாங்கிக்கோங்க. உங்க ஏரியாவுக்கே இந்த மிட்டாய் வராது. எழுதியே தர்றோம்."

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க பொண்ணுக்கு ஆகாதது அடுத்த ஏரியாப் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா சார்?"

"ஆய்வகத்துல உங்களுக்கு எதிரா வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"மேல்கோர்ட்டுக்குப் போவோம். படி ஏற எங்க ரெண்டு பேருக்கும் முட்டி நல்லாத்தான் இருக்கு."