மூன்று விரல் துணி

உருண்டைக்கு நாற்பத்து நான்கு வயது. வெளியாட்கள் பாலிஷ்காரர் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். மேஜை நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பதில் அவன் கை அப்படி. அக்காவுக்கு மட்டும் அவன் ஆறு வயதிலும் உருண்டை, நாற்பத்து நாலிலும் உருண்டை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தையல் மெஷினை மிதித்து அவனை வளர்த்தவள் அவள். அப்போதெல்லாம் தன் தட்டில் இருப்பதில் பாதியை அவன் தட்டில் தள்ளிவிட்டு, எனக்குப் பசிக்கலைடா என்பாள். ஒருநாள் அடுப்படியில் அவள் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பொய் அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் சாப்பிட்டான். பசி அப்படி.

அந்த அக்காவுக்குத்தான் இப்போது ஈரல் கெட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டுக் குடித்தவளில்லை. அவள் உடம்பே தன் ஈரலை எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? மருந்தெல்லாம் பார்த்தாயிற்று, மூன்று மாதத்துக்குள் வேறு ஈரல் வைத்தாக வேண்டும், சொந்தக்காரர் யாராவது தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாலும் போதும், இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும் என்றார். உருண்டை அங்கேயே சட்டையைக் கழற்றுகிறவன் போல எழுந்து நின்றான். ரத்தம் பொருந்தியது. ஸ்கேன்தான் காலை வாரியது. அவன் ஈரலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அப்படிப்பட்ட ஈரலை வெட்டினால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஈரலில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன அடுக்களை என்று விளக்கினார். வாயில் போவதும் அங்கேதான் வந்து சேரும், மூக்கில் போவதும் அங்கேதான் வந்து சேரும். இனிப்பு அளவுக்கு மீறி வந்தால் அதை எண்ணெய்ச் சொட்டாக்கி மூலையில் அடுக்கி வைக்கும். வார்னிஷில் கலக்கும் தின்னர் வாடை வந்தாலோ, விஷம் ஆயிற்றே, மற்ற வேலையைப் போட்டுவிட்டு முதலில் அதை உடைக்கப் போகும். எரிக்க வேண்டிய கொழுப்பு எரிக்க ஆளில்லாமல் கிடக்கும். உருண்டையோ இருபது வருடமாகத் தின்னர் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இனிப்பு பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்கிறவன்.

ஆறு வாரம் கொடுத்தார். தின்னர் பக்கமே போகக் கூடாது, இனிப்பு, வெண்ணெய், வறுவல் எதுவும் ஆகாது. "தினமும் எடை பார்த்து மனசைக் குழப்பிக்காதீங்க. பேன்ட் லூசாகுதான்னு மட்டும் பாருங்க" என்றார். அக்கா பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உருண்டை சும்மா சொல்லக் கூடாது, விரதம் மாதிரி இருந்தான். பட்டறையில் வார்னிஷ் வேலையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, வாசலில் முகமூடி போட்டுக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தான். காலையில் ஒரு மணி நேரம் நடந்தான். மாலையில் வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பாள். குடிகாரனைக்கூட யாரும் அப்படிச் சோதித்திருக்க மாட்டார்கள். இத்தனை கெடுபிடியிலும் அவனுக்கு ஒரே ஆறுதல், மத்தியானத்துக்கென்று கீழ்வீட்டிலிருந்து அக்கா வைத்துக் கொடுக்கும் காய்கறி சூப். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள், அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. அதே காயை வாங்கி மனைவி வைத்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அக்கா வைத்தால் சட்டியை வழித்து நக்கத் தோன்றியது. கைமணம் என்றால் லேசா என்று பெருமைப்பட்டுக்கொண்டான் அந்த அப்பாவி.

பேன்ட்டும் லூசானது. சின்ன வயதிலிருந்தே அவன் துணி முழுக்க அக்கா தைப்பதுதான். வளர்ற பிள்ளை என்று சொல்லி, இடுப்புத் தையலுக்கு உள்ளே மூன்று விரல் துணி விட்டுத் தைப்பாள். வளர்ந்து முடித்து இருபத்தைந்து வருடமாகியும் அந்த மூன்று விரலை விட்டதில்லை. குனிந்து நிமிர்கிற வேலை என்பதால் அவன் பெல்ட் போடுவதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியை அக்காதான் இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். ஒவ்வொரு வாரமும் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்தது. சட்டைப் பொத்தான் மட்டும் ஏனோ இறுக்கியது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாவது வாரம் வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குப் போனார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கொழுப்பு குறையவில்லை, கூடியிருந்தது. எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. உருண்டை இடுப்பைப் பிடித்து இழுத்துக் காட்டினான். பேன்ட் பொய் சொல்லலாம், ஸ்கேன் சொல்லாது என்றார் அவர்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவனை மறித்துக் கேட்டாள். "அண்ணி உயிரு உங்க கையில இருக்கு. எங்க போய்த் திருட்டுத்தனமாத் தின்னீங்க?"

அவன் சத்தியம் செய்தான். அழுதேவிட்டான். அவள் நம்பவில்லை. அவன் மாற்றிய பேன்ட்டை எடுத்து, தின்பண்டத் துணுக்கு ஏதாவது அகப்படுமா என்று பையை வெளியே இழுத்துப் பார்த்தாள். பையில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் விரல் பின்பக்கத் தையலில் நின்றது. உள்ளே மூன்று விரல் இருக்க வேண்டிய இடத்தில் அரை விரல் துணிதான் இருந்தது. பழைய தையல் பிரிக்கப்பட்டு, ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அடுத்த பேன்ட்டும் அப்படித்தான். இவ்வளவு பொடியாகத் தையல் போடும் கை அந்தத் தெருவில் ஒன்றுதான் உண்டு. அவள் ஓடிப்போய் ஃப்ரிட்ஜில் இருந்த நேற்றைய மிச்ச சூப்பைத் திறந்தாள். மேலே வெள்ளையாக வெண்ணெய் ஆடை கட்டியிருந்தது. கரண்டியை வைத்துத் தட்ட வேண்டியிருந்தது.

உருண்டை பேன்ட்டோடு கீழே இறங்கினான். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் மஞ்சளாயிருந்தது. அவன் பேன்ட்டைப் பிரித்து அவள் முன்னால் போட்டான். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாளா? கெட்டிக்காரி."

"ஏன்க்கா?"

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தை நீ படிக்கலை, நான் படிச்சேன். ஆயிரம் பேர் கொடுத்தா ரெண்டு பேர் பொழைக்கிறதில்லையாம். அதுல ஒருத்தன் நீயா இருந்தா, உன் ஈரலை வச்சுக்கிட்டு நான் எதுக்குடா இருக்கணும்? வேண்டாம்னு சொன்னா நீ கேக்குற ஆளா? அதான் இப்படி."

உருண்டைக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. வாழ்நாளில் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், அன்று தெருவுக்கே கேட்கும்படி திட்டித் தீர்த்தான். உன்னைப் போல ஒரு கள்ளியைப் பார்த்ததில்லை என்றான். நீ போய்விட்டால் என்னை உருண்டை என்று கூப்பிட இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்றான்.

பழக்க தோஷம், அக்காவின் கை தானாக நகர்ந்து மூடி வைத்திருந்த சூப் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளியது. ஆவி அடங்கவில்லை, வாசனை தூக்கியது. முந்தின நாளிலிருந்து அவன் வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அவன் கிண்ணத்தைத் திருப்பி அவள் பக்கமே தள்ளினான்.

"எனக்குப் பசிக்கலைக்கா" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, அவன் வயிறு அறை முழுக்கக் கேட்கும்படி உறுமியது. அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பொய்யை அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருடம் சொன்ன பொய். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேன்ட்டை இழுத்து மடியில் போட்டாள். அளவு நாடாவை அவன் இடுப்பில் வைக்கவில்லை. பழைய அளவு நோட்டைப் புரட்டி, அவன் கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டின் அளவைத் தேடி எடுத்தாள். சாக்கட்டியால் கோடு போட்டு, இடுப்பைப் பிடித்து ஒரே மூச்சில் தைத்தாள். உள்பக்கம் ஐந்து விரல் துணி மிஞ்சி நின்றது. பெரிய கத்தரிக்கோலை எடுத்து, அதைத் தையல் ஓரமாக நறுக்கென்று வெட்டிக் கீழே போட்டாள். அவனுக்குத் தைத்த துணியில் மிச்சம் வைக்காமல் அவள் வெட்டியது அதுதான் முதல் தடவை.

"இனி பிரிச்சு விட இதுல ஒண்ணும் இல்லை" என்று பேன்ட்டை அவன் கையில் கொடுத்தாள். "அஞ்சு வாரம். இதுக்குள்ள நீதான்டா நுழையணும்."