பதினொரு விநாடிக்கு மன்னிப்பு இல்லை

கையெழுத்துப் போடுவதற்கென்றுதான் அம்மா வந்தாள். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்பு கேட்டு, மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தது மகள் பக்கம் நின்று நியாயம் பேசுவதற்கல்ல. மகள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, காட்டுகிற இடத்தில் கையெழுத்தை வாங்கி, தானும் போட்டுவிட்டு, இரண்டு மணி டியூட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

விளையாட்டு விடுதியின் அலுவலகம் மாடியில் இருந்தது. கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, வெள்ளை வெள்ளையாகக் கைத்தடங்கள். பளு தூக்குகிற பிள்ளைகள் வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் பூசுகிற மாவு அது. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் போல. உள்ளே கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், பாதிக்குக் காது உடைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் செயலாளர். பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்தும் உட்காராமலும், பயிற்சியாளர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் ஓரமாக, இடது கை முழுக்கக் கட்டோடு, மகள்.

பதினேழு வயது. விடுதியில் அவள் பெயர் ‘கிரேன்’. பதின்மூன்று வயதில் தண்ணீர் நிரம்பிய டிரம்மை ஒற்றை ஆளாக நகர்த்திய அன்று ஒட்டிக்கொண்ட பெயர். மாநிலப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கியவள். இன்னும் இருபது நாளில் தேசிய அணிக்கான தேர்வு இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது, ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். ஒன்பது நாளைக்கு முன்னால், சாயங்காலம், மணிக்கட்டில் சுற்றுகிற டேப் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். வழியில் ஒரு கிடங்கு. அதன் இழுத்து மூடுகிற இரும்புக் கேட், தண்டவாளத்தை விட்டுக் கழன்று, பார்சல் கொண்டுவந்த ஒருவன் மேலும் அவன் மோட்டார் சைக்கிள் மேலும் அப்படியே சாய்ந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுத்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் முனகல் அடங்கிக்கொண்டே வந்தது. இவள் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, குந்தி, கேட்டின் விளிம்பைப் பிடித்து, தோளுக்குக் கொண்டுவந்து, தலைக்கு மேல் ஏற்றி நின்றாள். அவனை வெளியே இழுத்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். இவள் முழங்கை போயிற்று.

இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அத்தனை ஆம்பளைகள் நிற்கும்போது இவளுக்கு என்ன வந்தது? எட்டு வருஷம், விடுதியில் கொடுப்பது போதாதென்று முட்டைக்கும் பாலுக்கும் தன் வாயைக் கட்டி வளர்த்த கை. யாரோ ஒருவனுக்காக ஒரு சாயங்காலத்தில் போயிற்று. ஒன்பது நாளாயிற்று, அந்தப் புண்ணியவான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“வந்து பாக்கணும்னா தூக்கினேன்?” என்று முதல் நாளே மகள் திருப்பிக் கேட்டாள். வாய் மட்டும் உடையவே இல்லை.

செயலாளர் ஒரு தாளை நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

“படிச்சுப் பாருங்கம்மா. பெருசா ஒண்ணுமில்ல.”

அம்மா படித்தாள். என் கவனக்குறைவாலும் பொறுப்பின்மையாலும் காயம் ஏற்பட்டது. இதற்காக வருந்துகிறேன். பயிற்சிக் காலத்தில் வெளியில் நடக்கும் எந்த விபத்திலும் இனி தலையிட மாட்டேன்.

“இத எழுதிக் குடுத்துட்டா இடம் அப்படியே இருக்கும். வைத்தியச் செலவு நாங்க பாத்துக்கறோம். அடுத்த வருஷத் தேர்வுக்கு அனுப்பறோம். இல்லன்னா இன்னிக்கே அறையைக் காலி பண்ணணும். எனக்கும் மேல ஆள் இருக்காங்க, நான் பதில் சொல்லணும்.”

நியாயமாகத்தான் பேசினார். கெட்ட மனிதரில்லை. அம்மா பேனாவுக்குக் கை நீட்டினாள்.

“நான் போட மாட்டேன்” என்றாள் மகள்.

“வாய மூடுடி.”

“கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்கம்மா. நான் கவனமாத்தான் தூக்கினேன்.”

மாஸ்டருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “கவனமாவா? படத்தைப் போடுங்க சார். அந்தம்மாவும் பாக்கட்டும்.”

கிடங்கின் கேமராவில் பதிவான படம். செயலாளர் திரையை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா இதை இன்னும் பார்த்திருக்கவில்லை. பார்க்கவும் விருப்பமில்லை. ஆனால் கண் தானாகப் போய் அங்கே ஒட்டிக்கொண்டது.

திரையில் மகள் சின்னதாகத் தெரிந்தாள். குந்தினாள். கேட் எழும்பியது. தோளுக்கு வந்தது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் போக, மேலே போயிற்று.

“காலைப் பாருங்க, எவ்வளவு கேவலமா பிளந்திருக்கா” என்றார் மாஸ்டர். திட்டுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. “நான் போய் அளந்து பாத்தேன். இவ பக்கம் எண்பத்தஞ்சு கிலோவுக்குக் குறையாது. சரி, தூக்கிட்டா. இப்பப் பாருங்க. அவனை இழுக்கறாங்க. ஒம்பது, பத்து, பதினொண்ணு. வெளிய வந்துட்டான். முடிஞ்சுது. போட்டுட்டு நகர வேண்டியதுதானே?”

திரையில் கூட்டம் முழுவதும் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டியை நோக்கி ஓடியது. செருப்பு ஒன்று கிடந்தது. மோட்டார் சைக்கிள் கிடந்தது. நடுவில் மகள், இரண்டு கையும் தலைக்கு மேல், அசையாமல் நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விநாடி எண் மாறிக்கொண்டே போயிற்று. பதினைந்து. பத்தொன்பது. இருபத்து மூன்று. அவள் தலையை மட்டும் லேசாகத் திருப்பி யாரையோ தேடினாள். இருபத்தைந்தில் இடது முழங்கை உள்பக்கமாக மடிந்தது. கேட் விழுந்தது.

“பதினாலு விநாடி” என்றார் மாஸ்டர். “அடியில ஆளே இல்லாம பதினாலு விநாடி சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது?”

“ஏன்டி நின்னே?” என்றாள் அம்மா.

மகள் தரையைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும்தான் அவளுக்கு வெட்கம் வந்தது.

“யாரும் இறக்குன்னு சொல்லல.”

பளு தூக்குகிறவர்களுக்கு அது விதி. தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, நடுவர் ‘இறக்கு’ என்று சொல்கிறவரை பிடித்து நிற்க வேண்டும். அதற்கு முன் போட்டால், தூக்கியதே செல்லாது. எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லைக் கேட்டு இறக்கிய உடம்பு. தெருவில் நடுவர் ஏது? அவளுக்குப் பின்பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாது, ஆள் வெளியே வந்துவிட்டானா என்றும் தெரியாது. வேறு யாராவது தூக்கியிருந்தால், கை வலித்ததும் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். இவள் சொல்லுக்காகக் காத்து நின்றிருக்கிறாள்.

மாஸ்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்தப் பதினாலு விநாடி என் தப்புதான் சார்” என்றாள் மகள். “அத எழுதிக் குடுக்கறேன். எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன். மொதல் பதினொண்ணுக்குக் கேக்க மாட்டேன்.”

“அப்படிப் பிரிச்செல்லாம் எழுத முடியாதும்மா” என்றார் செயலாளர். “நாளைக்கு இதே மாதிரி இன்னொண்ணு நடந்தா நீ என்ன பண்ணுவே? அதுக்குத்தான் இந்தத் தாள்.”

“தூக்குவேன்.”

செயலாளர் பெருமூச்சு விட்டு அம்மா பக்கம் திரும்பினார். “இவளுக்குப் பதினெட்டு முடியல. நீங்க போட்டாலே செல்லும். நூத்தி இருபது பிள்ளைங்க இங்க இருக்காங்க. ஒவ்வொருத்தரும் ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் கை காலை உடைச்சுக்கிட்டு வந்தா, நாங்க இதை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். யாரோ ஒருத்தனுக்காகங்க. பேர்கூடத் தெரியாது.”

இதையே, இதே வார்த்தையில், அம்மா ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருஷமாக அவள் ஆஸ்பத்திரி வார்டில் செய்கிற வேலை என்ன? கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு, யாரோ ஒருத்தரைத் தூக்குவது. சீட்டில் பேர் இருக்கும், படிக்க நேரம் இருக்காது. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படுத்திருக்கிறாள். பெயர் தெரியாதவனை எதற்குத் தூக்குகிறாய் என்று அவளை ஒருத்தரும் கேட்டதில்லை.

அவள் பேனாவைத் தாள் மேல் வைத்தாள். எழுதவில்லை.

“சார், வருஷா வருஷம் ஜூன்ல ஒரு தாள் அனுப்புவீங்களே. பயிற்சியிலயோ போட்டியிலயோ காயம்பட்டா, ஊனமானா, அதுக்கும் மேல ஏதாவது ஆனாக்கூட எனக்குச் சம்மதம்னு. ஞாபகம் இருக்கா?”

“அது வழக்கமான ஒப்புதல் படிவம்மா. எல்லாரும் குடுக்கறதுதான்.”

“நானும் குடுத்தேன். எட்டு தடவ. பன்னெண்டு வயசுல மணிக்கட்டு உடைஞ்சுது, இதெல்லாம் சகஜம்மா, தைரியமா இருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. சரின்னு இருந்தேன். அப்ப ஒரு பதக்கத்துக்காக உடைஞ்சா நான் சம்மதிக்கணும். ஒரு ஆளுக்காக உடைஞ்சா மன்னிப்பு கேக்கணும். அப்படித்தானே?”

“அப்படியில்ல...”

“அப்படித்தான் இதுல இருக்கு. நான் படிச்சவ இல்ல, ஆனா இதப் படிக்கத் தெரியுது.”

“கோவத்துல முடிவெடுக்காதீங்க. இவ எதிர்காலம் இது.”

கோபம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் பயமும் இருந்தது. இந்தப் படி இறங்கினால் முட்டை இல்லை, மாஸ்டர் இல்லை, இரும்பு இல்லை, வைத்தியத்துக்குத் தன் சம்பளம்தான். அம்மா மகளைப் பார்த்தாள். அவள் முகமும் வெளிறித்தான் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு அந்த மேடையைத் தவிர வேறு ஆசையே இருந்ததில்லை. எல்லாம் தெரிந்துதான் நிற்கிறாள். திரையில் நின்றது போலவே நின்றாள்.

“பதினாலு விநாடிக்கு எழுதுங்க, ரெண்டு பேரும் போடறோம்” என்றாள் அம்மா. “பதினொண்ணுக்கு என் கையெழுத்து கிடையாது.”

“அப்ப இடம் கிடையாதும்மா.”

“சரி சார்.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. எழுந்தாள்.

மாஸ்டர் திரும்பவில்லை. “ஆறு மாசத்துக்கு அந்தக் கையில வாளிகூடத் தூக்கக் கூடாது” என்று ஜன்னலிடம் சொன்னார். “சும்மா பேச்சுக்குச் சொல்லல. நிஜமாவே கூடாது.”

“சரி மாஸ்டர்” என்றாள் மகள். அப்போதுதான் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தை மாதிரி, யாரிடமும் மறைக்காமல் அழுதாள். அம்மா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

அறையைக் காலி செய்ய அரை மணிகூட ஆகவில்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பை. அம்மாதான் இரண்டையும் தூக்கினாள். வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறந்து வைத்தார். அறை எண், தேதி, விடுதியை விட்டுப் போகும் காரணம். மேலே வரிசையாக எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். உடல்நலக் குறைவு. குடும்பச் சூழ்நிலை. உடல்நலக் குறைவு.

“உடம்பு சரியில்லன்னு போட்டுடுங்கம்மா” என்றார் காவலாளி. “கைதான் கட்டியிருக்கே. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“அவ உடம்புக்கு ஒரு குறையும் இல்ல” என்றாள் அம்மா.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். எழுத்து கோணல் மாணலாகத்தான் வந்தது, கட்டத்துக்குள் அடங்கவில்லை, பக்கத்துக் கட்டத்துக்கும் போயிற்று. முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றியதால், என்று எழுதினாள். காவலாளி எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கேக்கறவங்க கேக்கட்டும்” என்று சொல்லிப் பதிவேட்டை மகள் பக்கம் திருப்பினாள். “இந்தா, இதுல போடு கையெழுத்து.”

மகள் வலது கையால், முழுப் பெயரையும் எழுதிப் போட்டாள்.