வெயில் வீட்டில் கம்பளிச் சட்டை

அக்கா இருக்கும் ஊரில் இப்போது முழங்கால் உயரத்துக்குப் பனி. எங்கள் ஊரில் மார்கழியிலும் மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர். ஆனாலும் ஆண்டுக் கடைசி விடுமுறையில் அம்மா, அப்பா, நான் மூவரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார வேண்டும். அவள் புகுந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் கம்பளி போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்களாம். "நம்ம வீடு மட்டும் ஏன் விட்டுப்போகணும்?" என்று கல்யாணமான வருடமே பின்னி அனுப்பிவிட்டாள். சத்தத்தில் பேச்சு கேட்காது என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். கிறுக்குத்தனம்தான். ஆனால் அப்பாவுக்குப் பிடித்த கிறுக்குத்தனம்.

இந்த வருடம் அப்பாவின் வலது கை அசையாது. பக்கவாதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இது எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சா அவ கிளம்பி வந்துருவாடா. பிள்ளை பொறக்கட்டும், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சட்டையை மாட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. நல்ல கையை முதலில் நுழைத்தோம், பிறகு தலை. வலது கை மட்டும் உள்ளே போவேனா என்றது. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். செம்புக் குழாயை எந்த மூலைக்கும் வளைப்பேன். அப்பாவின் முழங்கையை வளைக்கப் பயமாக இருந்தது. "மூட்டையாடா கட்டுற?" என்று அவர் குழறலாகக் கேட்டார். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.

குழறலுக்குத் தொண்டைக்கட்டு என்று ஒரு பொய். வலது கைக்கு மேசையின் மறைவு.

தலையணையில் சாய்ந்தபடி, எங்களைப் போலவே பச்சைக் கம்பளியில் அக்கா வந்தாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். சும்மா படுத்திருப்பது அலுத்துவிட்டதாகப் புலம்பினாள். தொண்டைக்கட்டை நம்பினாள்.

"சரிப்பா, ரெண்டு கையையும் நீட்டுங்க. நீளம் சரியா இருக்கான்னு பாக்கறேன்."

வருடா வருடம் கேட்பதுதான். பதற்றத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அப்பா இடது கையை நீட்டினார். புத்தி கெட்ட நான் பின்னால் போய், வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"தம்பி, அந்தக் கையை மெதுவா கீழ வை. எத்தனை நாளாச்சு?"

"ஒண்ணுமில்லடி, சுளுக்கு" என்றாள் அம்மா.

"அம்மா, நான் வேலைல தினம் எட்டுப் பேருக்கு இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அப்பா தலை குனிந்துகொண்டார். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது.

"முதல்ல ஃபேனைப் போடு. சட்டையைக் கழட்டு. நல்ல கையை முதல்ல உருவு, அப்புறம் தலை, அந்தக் கை கடைசியா. இழுக்காத." வேலை செய்கிற இடத்துக் குரல் அது. சொன்னபடி செய்தேன். சட்டை ஒரு நிமிடத்தில் கழன்று வந்தது. "ஈரத் துணியால கழுத்தைத் தொடச்சுவிடு."

துடைத்தேன்.

"காதுக்குப் பின்னால விட்டுட்டியேடா" என்றவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அழாதடி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் அழுதாள். நான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.