முள்வண்டின் வயிற்றுக்குள் பார்க்காதவள்

1

இந்தக் கதை ஒரு பசுவின் சாவிலிருந்து வந்தது. 1974 மாசி மாதம், மரக்காணம் உப்பளக் கரை. பசு காலை உதைத்துக்கொண்டு விழுந்தபோது நானும் கூட்டத்தில் நின்று 'ஐயோ' என்றேன். அதைக் கொன்றது என் கையெழுத்து என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்து வருஷமாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எழுதிய ஆரம்பம்: 'வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று

(விட்டுவிட்டேன். உப்பின் அழகைச் சொல்லி எதையோ தள்ளிப்போடுகிறேன்.)

இரண்டாவது: 'அதிகாரிகளின் அலட்சியத்தால்

(இதுவும் பாதியில் நிற்கட்டும். கையெழுத்துப் போட்டது நான்.)

2

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விலங்கியல் படித்துவிட்டு, பயிர்ப்பூச்சிக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை. உப்பளத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவில் இருந்த வரப்புப் புல்லில் முள்வண்டு ஏறியிருந்தது. நெல்மணியைவிடச் சிறியது, கறுப்பு, முதுகெல்லாம் முள். புல் தின்னும் இந்த இலைவண்டுகளில் பல இனங்கள் உண்டு. சில புல்லோடு நின்றுவிடும். ஒன்று நெல்லுக்கு வரும். நெல்லுக்கு வருவது என்றால் வரப்புப் புல் முழுக்க எண்ட்ரின் என்ற கடும் விஷமருந்து அடிக்க வேண்டும். மற்றவை என்றால் விட்டுவிடலாம்.

வெளியே பார்த்தால் எல்லாம் கூடப்பிறந்தவை மாதிரி. பிரித்தறிய ஆண் வண்டின் வயிற்றைப் பொட்டாஷ் கரைசலில் சுடவைத்து, ஊசியால் திறந்து, அதன் உள்ளமைப்பை

உள்ளமைப்பு. பாருங்கள், மூன்று பிரதிகளிலும் இப்படியே எழுதியிருக்கிறேன். ஆண்குறி. அதன் முனையைப் பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

3

முகாமில் நான்கு ஆண்கள், நான் ஒருத்தி. அதிகாரி தெய்வசிகாமணியிடம் போய் நின்றேன்.

"சார், கொஞ்சம் பொட்டாஷ் வேணும். கையேட்டுல அந்தப் படம் இருக்கற பக்கமும்."

"எந்தப் படம்மா?"

பக்க எண்ணை மட்டும் சொன்னேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். கண்டுகொண்டார். டப்பென்று மூடினார்.

"ஏம்மா, குடும்பத்துப் பொண்ணு பாக்கற படமா இது? முதுவுல முள்ளு இருக்குதில்ல? எண்ணிப் போட்டு அனுப்பும்மா."

மருந்தடிக்கும் சிங்காரம் வாசலிலிருந்து, "வண்டுக்கும் ஜாதகம் பாக்கறாங்க சார். நல்ல எடமா பாத்து முடிச்சிடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.*

முள்ளை எண்ணினேன். 'நெல் முள்வண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

* தெய்வசிகாமணியை வில்லனாக்க இடம் இருந்தது. அவர் ஊசியை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. அன்று சாயங்காலம் அறை காலியாகத்தான் இருந்தது; வண்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.

4

திரௌபதியின் பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் எனக்கு இன்னொரு ஒளிவிடம் கிடைக்கும். எனவே திரௌபதி. உப்பு வாருபவள். என்னைப் 'பூச்சியம்மா' என்று கூப்பிடுவாள். "ஏம் பூச்சியம்மா, எங்க ஊட்ல மூட்டப்பூச்சி இருக்குது, அதுக்கும் பேரு எழுதிக்கினு போறதுதானே?" என்பாள்.

மருந்தடித்த அன்று காலை, வரப்புப் புல்லை மாட்டுக்குப் போடக்கூடாது என்று ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். அவள் விடியுமுன்பே உப்புப் பாத்திக்குப் போயிருந்தாள். மத்தியானம் திரும்பும் வழியில் வரப்பில் ஒரு கட்டு புல் அறுத்துப் பசுவுக்குப் போட்டாள். சினைப் பசு.

அவள் புருஷன் கன்னியப்பன் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "ஊரே கேட்டுச்சுடி! உனக்கு மட்டும் காது அடைச்சிக்கிச்சா? உன் கையாலயே கொன்னுட்டியே!"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். (இதை நான் கற்பனை செய்யவில்லை.)

5

மூன்றாம் நாள் வண்டைத் திறந்தேன். எதற்கு? நான் எழுதியது சரி என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள. கையேட்டில் நெல் முள்வண்டின் படத்தில் முனை ஊசிபோல இருந்தது. கண்ணாடித் தகட்டில் இருந்தது மழுங்கிப்போய், லேசாகப் பிளந்து இருந்தது.

இன்னொரு வண்டு. மழுங்கல். இன்னொன்று. ஒன்பது வண்டுகளைத் திறந்தேன். ஒன்றுகூட நெல்லுக்கு வருவது இல்லை.  

6

தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திரௌபதி வீட்டுக்குப் போனேன். கன்னியப்பன் மூன்று நாளாக அவள் ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா இவரு கேப்பாரு. நான் அறுத்ததுனாலதானா? சொல்லுங்க."

முடிவு அ: 'இல்ல திரௌபதி. அந்தப் புல்லுக்கு மருந்தே அடிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னுது' என்கிறேன். கன்னியப்பன் தலை குனிகிறான். (இந்த முடிவை ஒரு பத்திரிகை கேட்டு வாங்கியது. அச்சாகுமுன் திருப்பி வாங்கிக்கொண்டேன்.)

முடிவு ஆ: நான் வாய் திறக்குமுன் அவளே புரிந்துகொண்டு என்னை அறைகிறாள். (இது எனக்கு நானே வாங்கிக்கொள்ள நினைத்த அறை.)

நடந்தது: "ஆமா" என்றேன்.

"தண்டோரா போட்டாங்களே" என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கன்னியப்பன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? நாந்தான். இப்பவாச்சும் சாப்புடு" என்றாள். அவன் தட்டை இழுத்துக்கொண்டான்.

7

இங்கே முடிக்கலாம் என்று ஒரு பிரதி சொல்கிறது. முடிக்கமாட்டேன். என் பேனா முடித்தால் மறுபடியும் நான் கையெழுத்துப் போட்டதாகும்.

திரௌபதிக்கு எழுத்து தெரியாது. நான் எத்தனை நன்றாக எழுதினாலும் இது அவளைத் தவிர எல்லோருக்கும் போய்ச்சேரும். நேரில் போகலாமே என்பீர்கள். இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் பாதிவழியில் வானூரிலேயே இறங்கிவிட்டேன்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். மரக்காணம் பக்கம் போனால், உப்பளத்தில் திரௌபதி என்று விசாரியுங்கள். அவளை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசியுங்கள். அன்று நான் வாய்விட்டுச் சொல்லாத அந்த வார்த்தையையும் விழுங்காமல் வாசியுங்கள். கன்னியப்பனும் பக்கத்தில் இருக்கட்டும்.

எந்த வரியில் அவள் உங்களை நிறுத்தச் சொல்கிறாளோ, கதை அங்கே முடியட்டும்.