கறுப்புத் துணி வாரம்

தையல் ஆலையின் இஸ்திரி மேசையருகே நின்றால் நான்காம் வரிசையின் கடைசி மெஷின் தெரியும். அங்கேதான் அவன் மனைவி உட்கார்ந்து தைத்தாள். முகம் தெரியாது, பின்கழுத்து மட்டும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி எழுந்து மறைக்கும், விலகும். ஒவ்வொரு சட்டையையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பது அவன் வழக்கம். "பார்த்துப் பார்த்தே கழுத்துல ஓட்டை விழப்போகுது," என்பாள் அவள்.

அந்த வாரம் கறுப்புத் துணி. கறுப்பின் மேல் கறுப்பு நூல் ஓடினால் தையலே தெரியாது. மூன்றாம் நாள் வரிசை முழுக்கத் தலையைப் பிடித்துக்கொள்ளும், கண் மங்கும். வெள்ளைத் துணி வந்ததும் சரியாகிவிடும். அதனால் ஏழு மாத வயிற்றோடு அவள், "ஊசிக் காது ரெண்டா தெரியுதுக்கா," என்றபோது பக்கத்து மெஷின்காரி சிரித்தாள்.

"எனக்கு சூப்பர்வைசரே ரெண்டா தெரியுறாரு. ஒண்ணையே தாங்க முடியல."

அவளும் சிரித்தாள்.

புதன்கிழமை காலை அவளுக்குச் செருப்பு நுழையவில்லை. கால் வீங்கியிருந்தது, மோதிரமும் விரலை இறுக்கியது. அவன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான்.

"இது செருப்பா, படகா?"

"ஏறிக்கோ. நான் வெறுங்காலோட வர்றேன்."

அன்று மதியம் அவன் சூப்பர்வைசரிடம் போனான். அவர் சீட்டு எழுதிக் கொடுக்காமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது.

"அரை நாள் விட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன் சார். தலைவலி விடவே இல்லங்குறா."

"எல்லாருக்கும்தான்பா வலிக்குது. இவளுக்குக் கொடுத்தா வரிசையே எழுந்து நிக்கும். சனிக்கிழமை கறுப்பு முடிஞ்சிடும், அப்புறம் கூட்டிட்டுப் போ."

அவன் கடைசி மெஷின் பக்கம் கையைக் காட்டினான். "அவ மெஷினுக்கு மேல ஒரு லைட்டாவது போட்டுத் தர முடியுமா சார்? அந்த மூலை இருட்டா இருக்கு."

"அது நியாயம். எழுதி அனுப்புறேன்."

ஏதோ சாதித்துவிட்டவனைப் போல அவன் மேசைக்குத் திரும்பினான். சாயங்காலம் விளக்கு வரப்போவதைச் சொன்னபோது, அவள் ஈரத் துண்டை நெற்றியில் அழுத்தியபடி, "எனக்காகவா கேட்டீங்க?" என்றாள். வீட்டில் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், கையால். அவன் பத்து ஊசிகளில் வெள்ளை நூல் கோத்து, தலையணை ஓரத்தில் வரிசையாகக் குத்திவைத்தான்.

வெள்ளிக்கிழமை, மடித்த சட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கழுத்து தெரியவில்லை. நாற்காலிக்கும் மெஷினுக்கும் நடுவே தரையில் அவள் வலிப்பில் கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். சூப்பர்வைசர் அப்போதே சீட்டு எழுதினார்.

"எத்தனை நாளா தலைவலி?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலு நாளா. கண்ணும் மங்கலாத்தான்... கறுப்புத் துணிங்க, அதான்னு நெனச்சோம்."

டாக்டருக்குப் புரியவில்லை. "பிரஷர் ஏறியிருக்கு. மாசமா இருக்கும்போது விடாத தலைவலி, கண் மங்கல், திடீர்னு முகம் கை கால் வீக்கம், இதுல ஒண்ணு வந்தாலே அன்னிக்கே கூட்டிட்டு வரணும். காத்திருக்கவே கூடாது."

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், அது கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டது. அவள் மறுநாள் மதியம் வரை இருந்தாள், கண் திறக்காமலே. அன்று சனிக்கிழமை.

குழந்தையை அவன் அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். தலையணை ஓரத்தில் நூல் கோத்த ஊசிகள் ஆறு மீதியிருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. ஊசிகளை எடுக்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போனான். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினான். முதல் சட்டையை மடித்து வைத்ததும் தலை தானாக நிமிர்ந்தது. ஆவி எழுந்து விலகியது. கடைசி மெஷினுக்கு மேல் புது விளக்கு தொங்கியது. அதன் அடியில் யாரோ ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். இந்த வாரம் வெள்ளைத் துணி. அத்தனை வெளிச்சத்தில், இங்கிருந்தே தையல் தெரிந்தது.